முதல் முடி

ஞாயிறு, இரவு.

அக்கா வேறு மதத்தில் கல்யாணம் செய்தபோதுகூட வராத சண்டை, இன்று அவளுடைய முத்தியால்பேட்டை வீட்டில். குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் முதல் முடியைத் தருவதாக வேளாங்கண்ணி மாதாவிடம் பொருத்தனை செய்திருக்கிறாள். அவள் மாமியாரோ அதே முடியைக் குலதெய்வம் அங்காளம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு எரிச்சல். "பாதி அங்க, பாதி இங்க எடுங்க. முடிஞ்சுது" என்றேன்.

"இன்னா தம்பி, உங்க கம்பெனி மிஷினா இது, பார்ட் பார்ட்டா கழட்ட? புள்ளையக் காப்பாத்துனது எங்க அம்மன்" என்றார் மாமியார்.

"ரெண்டு பேரும் இல்லத்தே. டாக்டர் குடுத்த மருந்து" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "சரிடா. வாக்க மீறி, திரும்பக் காய்ச்சல் வந்தா நீ பொறுப்பேத்துக்குவியா?" என்றாள்.

பைபிள் சொல்லும் உடன்படிக்கையும் அத்தையின் நேர்த்திக்கடனும் எனக்கு ஒன்றுதான், எதிராளி கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பார்த்துக் குழந்தை தும்மியது. மூன்று பேர் கைகளும் அதன் நெற்றிக்குப் போயின. முதலில் போனது என் கைதான்.

கிளம்பி வந்துவிட்டேன்.