குழந்தை இல்லாமல் வந்த சொரூபம்

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடி இருக்கிறோம், நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, அதிலேயே உன் சுகம் தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் டூட்டிக்கு நேரமாச்சு என்று பாதியில் வைத்துவிடுவாய், இது பாதியில் விடுகிற சங்கதி இல்லை, அதனால் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருக்கும் அந்த ஜப்பான் அம்மா, உன் தம்பி ஸ்டீபன் இறந்ததைக் கேட்டு எனக்காகக் கொடுத்த சொரூபம் வந்துவிட்டது. என்ன சொரூபம் என்று நீ சொல்லவே இல்லை. பிரித்தால் வெள்ளை வெளேரென்று மாதா! தலையில் முக்காடு, உள்ளே கொண்டை, கையில் சின்னச் செம்பு. வேளாங்கண்ணி மாதா நம் ஊர்ச் சேலை கட்டியிருக்கிறாள், ஜப்பான் மாதா அந்த ஊர் உடுப்பில் இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் குழந்தை இயேசுவைக் காணோம். உடைந்து விழுந்திருக்கும் என்று பெட்டியைக் கவிழ்த்து, தெர்மாகோலையெல்லாம் கிளறித் தேடினேன், கிடைக்கவில்லை. உனக்கும் பிள்ளை போச்சா தாயீ என்று கேட்டேன் பார், அம்புட்டுதான், தரையில் உட்கார்ந்து அழுதேன் அழுதேன் அப்படி அழுதேன். தாடிக்கொம்பு ரோட்டில் அடிபட்ட உன் தம்பியைத் தூக்கிவந்த அன்றைக்குக்கூட எனக்குக் கண்ணீர் வரவில்லை, உனக்குத் தெரியும். அப்பா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் பசித்துச் சோறு சாப்பிட்டேன்.

நம் வீட்டுப் பழைய மாதாவை ஓரமாக நகர்த்தி இவளைப் பீடத்தில் நடுவே வைத்து, நீலத்துணியில் ஜரிகை வைத்துப் போர்வையும் தைத்துப் போட்டேன். அன்பிய ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்து ஜெபமாலை சொன்னார்கள், பக்கத்து வீட்டு ஜோஸ்பின் மல்லிகைப்பூ சாத்தி, ஜப்பான்காரி எம்புட்டு லட்சணம் என்று தொட்டு முத்தி செய்தாள். மறுவாரம் கோயில் உபதேசியார் கிளெமென்ட் வந்து உற்றுப் பார்த்தார், செல்லில் தேடினார். யக்கா, இது மாதா இல்ல, புத்த மதத்துக்காரங்க வீட்டுல வச்சுக் கும்பிடுற கருணைத் தெய்வம், கன்னோன்னு பேரு, உலகத்துல அழுறவங்க சத்தத்தையெல்லாம் கேக்குறவளாம் என்றார். ஜோஸ்பினுக்கு வந்ததே கோபம். அடியே ரோசலினு, நான் சொன்ன ஜெபமாலையெல்லாம் யாருக்குடி போச்சு, இப்பவே வெளியே எடு, இல்லாட்டி ஸ்டீபன் வருச ஜெபத்துக்கு ஒருத்தியும் வரமாட்டோம் என்று கத்தினாள். கேக்குறவளுக்குத்தான போயிருக்கு, வீணாவா போச்சு என்றார் உங்கப்பா வாசலிலிருந்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆள் வராமல் என் பிள்ளைக்கு ஜெபமா? ஆனால் எனக்கு அழுகையைக் கொடுத்தவளைப் பேப்பரில் சுற்றிப் பரணில் போடுவேனா? மாதாவை மறுபடி நடுவில் வைத்தேன், இவளை ஹாலில் ஸ்டீபன் போட்டோ பக்கத்தில் வைத்தேன். பீடம் மாதாவுக்கு, இவ என் வீட்டுக்கு வந்த விருந்தாளி, வெளியே அனுப்ப மாட்டேன் என்று ஜோஸ்பினிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஜெபத்துக்கு எல்லாரும் வந்தார்கள் அன்பு! வீடு கொள்ளவில்லை, செருப்பு தெருவரைக்கும் கிடந்தது. ஜோஸ்பின் இவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். போகும்போது மட்டும் நின்று பார்த்து, மாதா நீலத்தை எதுக்குடி இவளுக்குப் போட்டிருக்க, எங்கிட்ட ரோஸ் துணி கெடக்கு, தாரேன் என்று சொல்லிப் போனாள்!

முகம் தெரியாத எனக்கு இதைக் கொடுக்க அந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றியது? அவர்களுக்கும் பிள்ளை போயிருக்குமோ? நீயாகக் கேட்டுவிடாதே. வேலை முடிந்ததும் செத்த நேரம் பக்கத்தில் உட்கார். அவர்களாகச் சொன்னால், பாதி பாஷை புரியாவிட்டாலும், கடைசிவரைக்கும் கேள்.

குளிரில் காதைக் கட்டிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா
ரோசலின் சூசை, திண்டுக்கல்