மடிப்பு விடாத பாவாடை

அன்புள்ள அண்ணா,

அப்பா தூங்கிவிட்டார். தையல் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இங்கேதான் நாம் இரண்டு பேரும் உருண்டோடும் பொத்தான்களைப் பொறுக்குவோம். "எலிக்குட்டிங்களா, ஒண்ணையும் முழுங்கிடாதீங்க" என்று மேலிருந்து அப்பா சிரிப்பார்.

இன்று எனக்குப் பள்ளிப் பாவாடை தைத்தார். நாம் வளர வளரப் பிரித்துவிட, எப்போதும் கீழே நான்கு விரல் மடிப்பு வைப்பாரே, இந்த முறை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா" என்றார், அவ்வளவு அன்பாக.

பைபிளில் வரும் தானியேல் தீர்க்கதரிசனத்தை வைத்து அவர் போட்ட கணக்கில், அடுத்த மாதம் பத்தாம் தேதி உலகம் முடிகிறது.

"கி.மு. ஒண்ணுக்கு அடுத்தது கி.பி. ஒண்ணுதான். நடுவுல இல்லாத வருஷத்தையும் சேர்த்து எண்ணிட்டீங்கப்பா" என்று நீ சொன்னதற்கு, "கத்தரியை விட உன் நாக்கு நீளம்டா" என்று கத்தினாரே. அன்று போனவன்தான் நீ. இன்று நானே கூட்டிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அவரிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியமில்லை.

பத்தாம் தேதியை நினைத்து எனக்குப் பயமில்லை அண்ணா. பதினொன்றாம் தேதி காலையை நினைத்தால்தான் பயம். அப்பா எழுந்து ஜன்னலைத் திறப்பார். தெருவில் பால்காரர் வழக்கம்போல வந்துகொண்டிருப்பார். அப்போது அப்பாவின் முகத்தை என்னால் தனியாகப் பார்க்க முடியாது.

பத்தாம் தேதி இரவே வந்துவிடு. கணக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாதே.

உன்
பயந்தாங்கொள்ளி