மிஞ்சிய ஒரு புளியங்கொட்டை

சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடக்கையால் செய்த என் மச்சான் நடராசாவுக்கு,

கடல் எழும்பி வந்து கரையோரத்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனதே, அதற்கு முந்தின வருசம் நீ போனாய். சண்டை நின்று, ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிகள் திறந்து, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்கும் கிழக்கே உங்கள் எழுவான்கரைக்கும் ஆக்கள் பயமில்லாமல் போய்வரத் தொடங்கிய காலம். பெரும்போக வெள்ளாமை அறுத்து முடிந்து வயல் வட்டையெல்லாம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஆண்டுக் கணக்கு எழுதத் தெரியாது. ஆனால் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று இப்பவும் சொல்லுவேன்.

இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் வசந்தி எழுதுகிறாள். உன் திவசத்துக்கு வருகிற ஆக்கள் முன்னால் வாசிக்கப் போகிறாளாம். வாசிக்கட்டும். உன் சாவுக்கு நான்தான் காரணம் என்று இத்தனை வருசம் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாததை இப்போது எல்லாருக்குமே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நீயும் என் தங்கச்சி யோகமும் மண்டூரில் எங்கள் வீட்டில் நின்றீர்கள். தங்கச்சியைக் கட்டினவன் வந்தால் விருந்து போடுவார்கள், நீ வந்தால் எனக்கு வேலை. மோட்டார் சைக்கிளின் பின் பிறேக் பிடிக்கவில்லை என்றாய். நெல் ஆலையில் எஞ்சின் பார்த்தவன் நான், உடனே கழற்றினேன். எழுத்துத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் கணக்குக் கொப்பி. ஆனாலும் அதை மட்டும் நம்பமாட்டேன். கழற்றுகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பால்மா டின்னுக்குள் போடுவேன். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே வைப்பேன். டின் வெறுமையானால் வேலை முடிந்தது. ஆலையில் இந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

"எஞ்சின் வேலையா, புளி விக்கிற வேலையா மச்சான்? எனக்குப் பாதைப் படகு போயிரும்" என்று நீ நக்கலடித்தாய். வாவியைக் கடக்கிற படகு உனக்காக நிற்காதுதான். ஆனால் அடுத்ததும் இருந்ததே?

கடைசியில் ஒன்றுதான் மிச்சம். பிறேக் கம்பியைப் பின் சக்கரத்தோடு பிடிக்கிற ஆணியைப் போட்டுவிட்டேன். அது நழுவாமல் இருக்க அதன் துளைக்குள் ஒரு கம்பி ஊசியைச் செருகி, இரண்டு காலையும் பிரித்து மடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மனிசி கத்தினாள்: "இஞ்சேருங்க, கத்தரிக்குள்ள மாடு!" தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வரும்போது நீ வண்டியை உதைத்து ஏறிவிட்டாய். "எல்லாம் சரி மச்சான், வாறன்" என்று கையைக் காட்டிவிட்டு ஒழுங்கைக்குள் கிறுகிவிட்டாய். யோகம் இரண்டு நாள் கழித்து வருவதாகப் பேச்சு. நான் டின்னை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

ஒழுங்கை முடியும்வரை கத்திக்கொண்டு ஓடினேன். உனக்குக் கேட்கவில்லை.

படகுத் துறைக்கு இந்தப் பக்கம், மதகடித் திருப்பத்தில் எருமை குறுக்கே பாய்ந்தது, நீ வாய்க்காலுக்குள் விழுந்தாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தலையில் அடி. கண் திறக்காமலே மறுநாள் போய்விட்டாய். எல்லாரும் எருமையைத் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. பிறேக் பிடித்திருந்தால் எருமைக்கு முன்னால் நின்றிருப்பாயே. ஊசி இல்லாத ஆணி குலுங்கிக் குலுங்கி வழியில் எங்கேயோ விழுந்திருக்கும். இப்படித்தான் நான் நம்பினேன்.

வண்டியைக் கண்ணில் காட்டக்கூடாது என்றாள் யோகம். அதனால் வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தபடியே அது என் வீட்டு வளவில் கிடந்தது. வாய்க்கால் சேறு பின் சக்கரத்தில் புற்றுப் போல இறுகிவிட்டது. ஒரு துணியை நனைத்துத் துடைத்திருந்தால் ஊசி இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏன் துடைக்கவில்லை என்று நீ கேட்பாய். இல்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் மறுகா எந்த முகத்தோடு திரிவது மச்சான்?

யோகம் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் போனேன். வாசல் படலையோடு நின்று திரும்பினேன். அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவளைத் தாலியறுக்க வைத்தவன் அவள் வீட்டில் உட்கார்ந்து குடிப்பதா?

இங்கத்தைச் செய்தி சொல்கிறேன் கேள். ஆலையில் கரண்ட் மோட்டர் பூட்டினார்கள். பழைய எஞ்சினும் நானும் ஒரே கிழமையில் வெளியே வந்தோம். கண்ணில் பூ விழுந்து, அதையும் வெட்டி எடுத்து, இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறேன். ஆனால் வேலையில்லாத கை சும்மா கிடக்குமா? வீட்டிலுள்ள போத்தல் மூடியெல்லாம் நான் இறுக்கி வைத்து வசந்தியால் திறக்க முடியவில்லை.

அவள்தான் ஒருநாள் பழைய இரும்புக்காரனைக் கூட்டி வந்தாள். "அப்பா, அந்தக் குப்பையக் குடுத்திருவமா?"

"அது மாமாட வண்டி."

"மாமாட வண்டியெண்டா ஓட்டுங்க. இல்லாட்டிக் குடுங்க. கோழி முட்டையிடவா வெச்சிருக்கிற?"

அதற்குள் அந்த ஆள் ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "கையை எடு தம்பி" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் தொடங்கினேன், முன்பக்கமிருந்து. பெற்றோல் தாங்கிக்குள் கூழாங்கல்லும் புளிக்கரைசலும் ஊற்றிக் குலுக்கினேன். உள்ளிருந்த துருக் கறள் கறுப்புத் தண்ணீராய் வந்தது. "புளியெல்லாம் மோட்டசைக்கிளுக்கு ஊத்தினா மீன் ஆணத்துக்கு நான் என்னத்த விடுற?" என்று வசந்தி சத்தம் போட்டாள். ஓட்டமாவடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் காக்கா, நான் காட்டின தேய்ந்த பல்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இதத் தேடி இந்தப் பத்து வருசத்தில ஆரும் வரல்ல. என்ன வயசு?" என்றார். "வண்டிக்கா, எனக்கா?" என்றேன். சிரித்துக்கொண்டே பரணில் ஏறினார்.

உண்மையைச் சொன்னால் கைக்குச் சந்தோசமாக இருந்தது. விடிந்தால் மண்ணெண்ணெய் மணத்தோடு குந்திவிடுவேன், பசி தெரியாது. வயசு போனவனுக்கு இப்படி ஒரு விளையாட்டுக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் நாலு மாதமாகியும் பின் சக்கரத்துக்குப் போகவில்லை.

"முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி, பின்பக்கம் சேத்தில கிடந்த எருமை மாதிரி" என்றாள் வசந்தி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. எருமையைப் பார்த்துப் பயந்தது போதும் என்று மண்ணெண்ணெயையும் தேங்காய்ப் பொச்சையும் எடுத்துக்கொண்டு குந்தினேன்.

சேறு கட்டி கட்டியாக விழுந்தது. ஆணி இருந்தது. விரலால் தடவினேன், குறுக்கே ஊசியும் தட்டுப்பட்டது. நான் போட்ட ஊசி என்றால் இரண்டு காலும் பிரிந்து மடங்கியிருக்கும். இது இரண்டு காலையும் ஒன்றோடொன்று முறுக்கி, நீ இறால் கூட்டுக்குக் கம்பி கட்டுகிற மாதிரிக் கட்டியிருந்தது. அதுவும் இடப்பக்கமாக. எங்கள் இரண்டு ஊரிலும் அந்தப் பக்கமாக முறுக்கினவன் நீ ஒருவன்தான்.

ஊசியைப் போட்டாய். கொட்டையை எடுக்கவில்லை. அதை எடுக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். வசந்தி ஓடி வந்து "நெஞ்சு நோவுதா அப்பா?" என்று கேட்டாள். "இல்ல மகள், இப்பதான் நிண்டது" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை உன் வண்டியை ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். மதகடித் திருப்பத்தில் பிறேக்கை மிதித்துப் பார்த்தேன். நின்றது. பாதைப் படகில் வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் உங்கள் படலையைத் திறந்து உள்ளே போய் முற்றத்தில் நிறுத்தினேன். சத்தம் கேட்டு வெளியே வந்த யோகம் தூணைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மாடு, டின், கொட்டை, ஊசி. முடித்ததும் அவள் வெடித்தாள்.

"விசரா அண்ணா உனக்கு? வண்டி சாயாமப் பிடிச்சிக்கிட்டு நிண்டது ஆரு? நான்தானே! அண்ணன் வரட்டும் எண்டு சொன்னன். 'உன்ட அண்ணன் கொட்டை எண்ணி முடிக்கிறதுக்குள்ள படகு போயிரும்' எண்டு சொல்லிச் சொல்லி முறுக்கினார். மிதிச்சும் பாத்தார். எருமை பக்கத்துப் பத்தைக்குள்ள இருந்து பாஞ்சா எந்தப் பிறேக்கு நிக்கும்?"

"நீ ஒருநாளும் சொல்லல்லியே புள்ள."

"நீ கேட்டியா? என்னோட ஏதோ கோவம், அதான் என்ட வீட்டில தண்ணியும் குடிக்கிறாய் இல்ல எண்டு இருந்தன். இத்தின வருசமா அழுதிருக்கன்."

அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சோறு போட்டாள். இரண்டு தரம் வாங்கித் தின்றேன். போகும்போது வண்டி இருக்கையை ஒருதரம் தடவிப் பார்த்தாள். "நான் ஏறமாட்டன், சொல்லிட்டன்" என்றாள். ஏறச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கை நடுங்காத வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி அந்த வீட்டில் என் சாப்பாடு. இனி எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் பயந்து ஒளிக்காமல் வாய் திறந்து கேட்பேன். அன்றைக்கு வளவுக்குள் நாங்கள் நாலு பேர். நீ போனாய். மாடு என்று கத்தினவளும் போய் ஆறு வருசம். மாட்டுக்குப் பின்னால் ஓடின நான் ஒன்றையும் காணாதவன், என்னைச் சேர்க்காதே. கண்ணால் கண்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரே ஆள் நம்முடைய யோகம்.

உன் மச்சான்,
யோகத்தின் அண்ணன் கணவதிப்பிள்ளை