காணாமல் போன விமானமும் மரியசீலனின் படகும்

‘பிள்ளை’ என்று என்னைக் கூப்பிட இனி ஒருவரும் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அண்ணைக்கு,

நீங்கள் போய் இருபத்தைந்து நாளாகிறது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், அப்பாவைப் பற்றி மாமிதான் எழுத வேண்டும் என்று கனடாவில் இருந்து உங்கள் மகள் டெல்சி சொல்லிவிட்டாள். எங்கே பிறந்தீர்கள், எத்தனை வயதில் கடலுக்குப் போனீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு செய்தி. அந்த விமானத்தைத் தேடுகிற கதை திரும்பவும் தொடங்கியிருக்கிறது. கைபேசியில் அதை வாசித்ததும் எழும்பி கரையில் நீங்கள் வலை வைத்திருக்கும் வாடிப் பக்கம் நடந்துவிட்டேன். படலையைத் திறந்த பிறகுதான் உள்ளே ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு, யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கும் கோலாலம்பூரில் இருந்து புறப்பட்டுக் காணாமல் போன ஒரு விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூட்டுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அண்ணி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படகில் ஒஸ்ரேலியாவுக்குப் போகப் போகிறேன் என்று உங்கள் மகன் வந்து நின்றான். நீங்கள் மறித்தீர்கள். அது நாங்கள் பழகிய கடல் இல்லை என்றீர்கள். இடையில் புகுந்து, போகட்டும் விடுங்கள் என்று உங்கள் வாயை அடைத்தவள் நான். ஆங்கிலம் படிப்பிக்கிற தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தீர்கள். அங்கே இறங்கினால் அதிகாரிகள் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு கிழமை அவனை இருத்திப் பாடமாக்கியதும் நான்தான்.

படகை ஓட்டிப் போனவன் மரியசீலன், நம் கரையில் பெயர் எடுத்த ஓட்டி. அவன் மனைவி செல்வராணியின் வீடு நம் வீட்டில் இருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. தெற்குக் கரையில் எங்கேயோ நின்று யூட் கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். இனிக் கதைக்க ஏலாது, போய்ச் சேர்ந்துதான் எடுப்பேன் என்றான். முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களோடு போன அந்தப் படகைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு சொல் வரவில்லை.

செய்தி வராத இடத்தில் கதைகள் வந்தன. ஏதோ ஒரு தீவில் முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். இந்தோனேசியச் சிறையில் தமிழ்ப் பெடியன்களைக் கண்டதாக யாரோ யாருக்கோ சொன்னார்களாம். ஒரு சாத்திரக்காரர் தென்கிழக்கில் உயிரோடு இருக்கிறான் என்றார். இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு கதை மேலே வந்தது. மரியசீலன் காசை வாங்கிக்கொண்டு, நடுக்கடலில் வேறொரு படகில் மாறி ஏறித் தப்பிவிட்டான், பெடியன்களை ஓட்டி இல்லாத படகில் விட்டுவிட்டான் என்ற கதை.

அதற்குப் பிறகு செல்வராணியின் நிலை எப்படியாயிற்று என்று உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கோயிலில் அவள் வந்து இருந்தால் அந்த வாங்குப் பலகையில் இருந்தவர்கள் தள்ளிப் போய் இருந்தார்கள். கரையில் அவளுக்கு வலையில் இருந்து நண்டு பிரிக்கிற வேலை கொடுத்தவர் இனி வர வேண்டாம் என்றார். நீங்களும் அவள் வீட்டு ஒழுங்கையால் போவதை நிறுத்தி, கடலுக்குச் சுற்றிப் போனீர்கள்.

அந்த விமானம் காணாமல் போனது இதற்குப் பிந்திய ஆண்டில். பாடசாலை முடிந்து வாடிக்கு வந்து, சும்மா ஒரு புதினச் செய்தியாகத்தான் உங்களுக்குச் சொன்னேன். வலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். எத்தனை சனம் என்றீர்கள். இருநூறுக்கு மேல் என்றேன். எந்தக் கடல் என்றீர்கள். சில நாள் கழித்து, இந்து சமுத்திரத்தின் தெற்கே தேடுகிறார்கள் என்று வாசித்துக் காட்டியபோது உங்கள் கை நின்றுவிட்டது.

“அவங்கள் அடிக்கடலைப் பாக்கேக்க வள்ளம் கிள்ளம் ஏதும் தெரிஞ்சா, அதையும் சொல்லுவாங்களோ பிள்ளை?”

சொல்லுவார்கள் என்றேன். அன்று தொடங்கியது. பல நாள் பின்னேரங்களில் நான்கு மணிக்கு நான் வந்து அந்த விமானத்தைப் பற்றி வந்ததெல்லாம் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். யூட்டைத் தேட ஒரு நாடும் ஒரு கப்பலும் அனுப்பவில்லை. அந்த விமானத்தைத் தேட வந்த கப்பல்களை உங்கள் மகனுக்காகவும் வந்த கப்பல்களாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நாள், கடலடியில் மூழ்கிய கப்பல் ஒன்று தெரிந்ததாம் என்று வாசித்ததும் எழும்பி நின்றுவிட்டீர்கள். அது நூறு வருடத்துக்கும் மேல் பழைய கப்பல் என்று அடுத்த வரியில் இருந்தது. திரும்ப இருந்து வலையை மடியில் இழுத்துப் போட்டீர்கள். நான் முழுவதையும் முதலில் வாசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், என்ன?

விமானத்துக்கும் கதைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றையும் நீங்கள் தராசில் போடுவதுபோலப் பார்த்தீர்கள். உள்ளே தீப்பிடித்திருக்கலாம் என்றபோது, அதுவென்றால் அவ்வளவு நேரம் பறந்திருக்குமோ என்று கேட்டீர்கள். காற்று இல்லாமல் எல்லாரும் மயங்கி, விமானம் தன்பாட்டில் எரிபொருள் முடியும் வரைக்கும் போயிருக்கலாம் என்றபோது, நோவு தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னீர்கள். யாரோ கடத்திக்கொண்டு போய் ஒரு தீவில் இறக்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதை வாசித்தபோதுதான் பல நாளைக்குப் பிறகு சிரித்தீர்கள்.

“தீவெண்டால் ஒளிக்க ஏலாது பிள்ளை. எங்கட தீவில புதுசா ஒரு நாய் வந்தாலே பொழுதுபட முன்னம் எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிடும். உவ்வளவு பெரிய பிளேனை எங்க வைக்கிறது?”

சிரித்து முடிந்த பிறகு முகம் மாறியது. யூட்டைத் தீவு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்ற கதையையும் அதே வாயால் தள்ளிவிட்டீர்கள் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்தது.

பிறகு விமானியின் முறை வந்தது. வேண்டுமென்றே அவர்தான் திருப்பிக்கொண்டு போனார் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் பட்டது. வேறு யார் செய்ய முடியும், ஓட்டினவர் அவர்தானே என்று வகுப்பில் சொல்வதுபோல உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

“அவருக்குப் பெஞ்சாதி பிள்ளையள் இருக்கினமே?”

“ஓம், இருக்கினமாம்.”

“அவையும் இதுகளை வாசிப்பினம், என்ன?”

நீங்கள் அடுத்ததாகக் கேட்டதை இந்தப் பத்து வருடத்தில் நான் மறந்த நாள் இல்லை.

“மரியசீலன் வேற வள்ளத்தில ஏறினதை ஆர் பிள்ளை கண்டது?”

சனம் கதைத்தது என்றேன். எந்தச் சனம் என்றீர்கள். தெரியாது என்றேன்.

அண்ணை, எனக்குத் தெரியும். அதை ஒருவரும் காணவில்லை. ஒருவரும் என்னிடம் சொல்லவுமில்லை. படகு போய் மூன்றாம் மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் மூன்று பெண்கள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர், நீங்கள்தானாமே ரீச்சர் அவனைப் போகச் சொன்னது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படகில் பிழை இருந்திருக்காது, ஓட்டி நடுக்கடலில் மாறி ஏறியிருப்பான், இந்த ஓட்டிகள் அப்படித்தானாம் என்று சொன்னேன். அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது அது. ‘இருப்பான்’ என்றுதான் சொன்னேன். அந்தக் கிழமை முடிவதற்குள் அது ‘ஏறிவிட்டான்’ என்று ஆகி, நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. நீங்கள் வந்து என்னிடம் கேட்டீர்கள், உண்மையோ என்று. அப்படித்தான் கதைக்கிறார்கள் என்றேன். பிழை செய்தவன் ஒருவன் வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விமானியைப் பற்றிக் கதைத்த மறுநாள் காலை நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு செல்வராணி வீட்டுக்குப் போனீர்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னீர்கள். அவள் கதிரை எடுத்துப் போட்டாளாம். நீங்கள் எதுவும் தொடங்க முன்னமே அவள் சொன்னாளாம்: “அவரும் அதிலதானே போனவர் அண்ணை. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.” அந்த ஒரு வரியை எனக்குச் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனீர்கள். எவ்வளவு லேசான கணக்கு அது. படகு வரவில்லை என்றால் ஓட்டியும் வரவில்லை. நாங்கள் ஒருவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை தொடங்கி உங்கள் வாடியில் நண்டு பிரித்தது செல்வராணி. முணுமுணுத்தவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று ஆபிரிக்கப் பக்கத்துத் தீவொன்றில் கரை ஒதுங்கியது என்ற செய்தி வந்த அன்று, எத்தனை மாதம் மிதந்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று வாடி மணலில் விரலால் கோடு போட்டீர்கள். பிறகு அந்தக் கோட்டை நீங்களே அழித்தீர்கள். அந்த நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசையில் யூட்டின் பெயரை வாசிக்கச் சொல்லிப் பாதரிடம் கேட்டீர்கள். முதல் தடவையாக. அதற்கு அடுத்த பெயராக மரியசீலனையும் வாசிக்கக் கேட்டீர்கள். செல்வராணியிடம் முதலே போய் அனுமதி வாங்கியிருந்தீர்கள். பெயர் வாசிக்கும்போது அவள் அழவில்லை. அழுதது நீங்கள்.

ஆனாலும் கதை சாகவில்லை அண்ணை. உங்கள் முகத்துக்காக வாயை மூடினார்கள், அவ்வளவுதான். போன வருடம் செல்வராணியின் மகளுக்கு ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசி, தகப்பன் பெடியன்களைக் கடலில் விட்டுவிட்டு ஓடினவனாம் என்று அது நின்றது. அதை அறிந்து நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் உங்களை ஆசுப்பத்திரியில் வைத்திருந்த கடைசிக் கிழமை, ஒரு மத்தியானம் நம் இருவரையும் தவிர அந்தப் பக்கம் யாருமில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ ஏதோ சொல்ல வந்தனி,” என்றீர்கள்.

“ஒண்டுமில்லை. சூப் ஆறுது, குடியுங்கோ.”

நீங்கள் குடித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததோ? எந்தச் சனம் என்று அன்று என்னிடம் கேட்டபோதே தெரிந்திருந்ததோ? தெரிந்தும் என்னை ஒரு சொல் கேட்காமல் விட்டீர்களோ? இதற்கு இனிப் பதில் கிடையாது. விமானத்தைப் பற்றிய விசாரணையும், காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் முடிந்தது. ஆனால் மரியசீலன் மேல் விழுந்த பழிக்குக் காரணம் சொல்ல முடியும். சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

உங்களை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் செல்வராணியிடம் போனேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தும்புத்தடியை மதிலில் சாய்த்து வைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“என்னட்டைச் சொல்லி என்ன ரீச்சர்?” என்றாள் பிறகு. “எனக்கு அவர் ஓடேல்லை எண்டு எப்பவும் தெரியும். தெரியாத ஆக்களிட்டை எல்லோ சொல்லவேணும்.”

மலரில் எழுதட்டுமோ, அவருடைய பெயரைப் போடலாமோ என்று கேட்டேன். “போடுங்கோ,” என்றாள். திரும்பவும் தும்புத்தடியை எடுத்தாள். நான் போகலாம் என்று அர்த்தம்.

டெல்சியிடமும் சொன்னேன். அப்படியே அடியுங்கோ மாமி, ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எடுக்கவில்லை.

அண்ணை, நினைவு மலர் எல்லா வீட்டுக்கும் போகும், ஆனால் எல்லாரும் வாசிக்கமாட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பார்கள். அதனால் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நானே போகிறேன். அன்று கோயில் வாசலில் நின்ற மூவரில் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில். இறந்துபோன மூன்றாமவரின் மகளிடம் அடுத்ததாக. சம்பந்தத்தை நிறுத்திய வீட்டுக்கும் போவேன், கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். ஒவ்வொரு படலையிலும் நின்று, மரியசீலன் ஓடியதை ஒருவரும் காணவில்லை, அதைச் சொன்னவள் நான் என்று என் வாயாலேயே சொல்லுவேன். முழங்கால் நோவுக்கு ஒரு நாளைக்கு நான்கு வீடுதான் ஏலும். ஊர் முடிய எத்தனை மாதம் எடுத்தாலும் சரி. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
அந்தக் கதையைக் கட்டிய,
உங்கள் ஒரே தங்கச்சி