மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலி

1936 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

மன்னிக்க வேண்டும், அம்மாவைக் குறைசொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

அக்கா தன் கணவரைப் பிரிந்து வந்துவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு அவர் குழந்தை ரோசாலியை அழைத்துப் போகலாம், ஆனால் வாசலோடு சரி என்பது நீதிபதி உத்தரவு. அம்மாவோ இன்றும், "வெயில்ல நிக்காதீங்க மாப்ள, வாங்க" என்று கூடத்தில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். அக்கா சமையலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியை அந்தக் கதவருகே நகர்த்திக்கொண்டு, "கை கூடிடுச்சா அத்தை?" என்று உரக்கக் கேட்டார். அக்காவின் அந்தக் கையை முறித்தவரே அவர்தான்.

"இப்ப தேவலாம் மாப்ள" என்கிறாள் அம்மா.

ரோசாலி என் முந்தானையை விடவில்லை. அவள் விரல்களை நானேதான் பிரித்து அனுப்பினேன்.

அவர் போனபின், உத்தரவை ஞாபகப்படுத்தினேன்.

"வாசல்லயே நிறுத்தினா தெரு என்னடி சொல்லும்? பி.ஏ. படிச்சா மரியாதை மறந்துடுமா?"

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அம்மா, அடுத்த ஞாயிறு நீ உள்ளே அக்காவோடு இரு. வாசலில் நான் நின்றுகொள்கிறேன்.