கயல் விமானம் ஏறவில்லை, அக்கா

என் சாந்தி அக்காவுக்கு,

கயல் இனிப் பிரசவம் முடியும்வரை விமானத்திலும் ஏறமாட்டாள், ரயிலிலும் ஏறமாட்டாள். நேற்று மாலை அவளைப் பரிசோதித்த மருத்துவர் என் முன்னால் சொன்னது இது. காலில் வீக்கம் இருக்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஓடும் ரயிலில் கோயமுத்தூர் போவதெல்லாம் வேண்டாம் என்றார். குழந்தை நன்றாக இருக்கிறது. அதையும் அவரே சொன்னார்.

ஆகவே உன் பேரக்குழந்தை புனேயில்தான் பிறக்கும். "கயலுக்கு முதல் பிரசவம் நம்ம வீட்லதான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மாமாவிடம் நீ வாங்கிய வாக்கு நடக்காது. இது எப்படி ஆனது என்று யாராவது உனக்குச் சொல்ல வேண்டும். உன் வீட்டில் செய்தியாளர் வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

முதலில் மாமாவைப் பற்றி. அவர் வாக்கை மறக்கவில்லை. உன் அறைக்கு வெள்ளை அடித்தார். குளியலறையில் வழுக்காத ஓடு மாற்றினார். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரம்மாவிடம் பேசி வைத்தார். ஏழாம் மாதத்திலேயே கட்டுச்சோறு போட்டு மகளை அழைத்துப் போயிருப்பார். ஆனால் அப்போது உன் வருஷ திதி முடியவில்லை. அதற்குள் விசேஷம் கூடாது என்றார்கள். திதி முடிந்தபோது எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. எட்டில் பயணம் கூடாது என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். சரி, ஒன்பது பிறக்கட்டும் என்று காத்திருந்தார். ஒன்பது பிறந்த பிறகும் நல்ல நாள் அமைய இரண்டு வாரம் ஆனது.

இதற்கிடையில் விமான நிறுவனத்துக்கு ஒரு விதி இருப்பது அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வாரம் தாண்டிய கர்ப்பிணியை அந்த நிறுவனம் ஏற்றுவதில்லை. அதற்கு அவர் கணக்கும் போட்டிருந்தார். மாதத்துக்கு நான்கு வாரம். எட்டு மாதம் முடிந்தால் முப்பத்திரண்டு. நல்ல நாளுக்காகக் காத்திருந்ததையும் சேர்த்தால் முப்பத்துநான்கு. இரண்டு வாரம் கையில் இருக்கிறது என்று தெம்பாகத்தான் புனேக்கு வந்தார். மாதத்தில் நான்கு வாரம் போக மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாட்கள் எட்டு மாதத்தில் எவ்வளவு சேரும் என்று, வங்கியில் மேலாளராக இருந்த மனிதர் யோசிக்கவில்லை.

புனேயின் கராடிப் பகுதியில் இருக்கும் கயலின் ஃப்ளாட்டிலேயே கட்டுச்சோறு நடந்தது. பக்கத்துத் தமிழ் மெஸ்ஸில் சொல்லி ஐந்து வகைச் சோறு வரவழைத்தோம். மாப்பிள்ளை அலுவலக வேலையாக ஜெர்மனியில் இருக்கிறார், பிரசவத்துக்கு வந்துவிடுவார். அன்றைக்கு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். கயலின் அலுவலகத் தோழிகள் வளையல் போட்டார்கள். அதில் ஒரு மராட்டிப் பெண் புளிச்சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நீ இருந்து செய்ய வேண்டியதை நான் செய்தேன். சந்தனம் பூசும்போது கயல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் விமான நிலையம் போனோம். நான் வழியனுப்ப. கவுன்டரில் இருந்த பெண் கயலின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கித்னே ஹஃப்தே, மேடம்?" என்று எத்தனை வாரம் என்பதைக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் மாமா வாயைத் திறந்தார். அதற்குள் கயல் சொல்லிவிட்டாள்.

"தர்ட்டி செவன்."

"இல்ல கண்ணு, முப்பத்துநாலு. நாலெட்டு முப்பத்திரண்டு, அப்புறம் ஒரு ரெண்டு..." என்று மாமா விரலை மடக்கினார்.

அந்தப் பெண் தன் மேலதிகாரியை அழைத்தாள். வந்தவர் நடுவயதுக்காரர், தன்மையாகப் பேசினார். "அங்கிள், தர்ட்டி சிக்ஸ் கே பாத் அலவுட் நஹீ ஹை. முப்பத்தாறு வாரத்துக்கு மேல் ஏற்ற முடியாது, டாக்டர் எழுதிக் கொடுத்தாலும்" என்பதை இந்தியிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னார். கயலுக்கு உட்கார நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

மாமா என்னிடம் திரும்பினார். "ஏனம்மணி, வானத்துல போற வண்டிக்கு வயித்துக் கணக்கு எதுக்குங்கறேன்? ஒன்றரை மணி நேரம். உக்காந்தா எந்திரிச்சுருவோம்." பிறகு அவரே செல்போனை எடுத்து நாட்களைக் கூட்டிப் பார்த்தார். கூட்டி முடித்ததும் அவர் முகம் போன போக்கை நான் எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்த முகம்தான்.

"நீங்க போங்கப்பா" என்றாள் கயல். "டிக்கெட் வீணாக வேண்டாம். அம்மாவோட பழைய காட்டன் சேலையெல்லாம் எடுத்துட்டு வாங்க. பாப்பாவுக்குத் துணி வேணும்ல?" அவர் தனியாக உள்ளே போனார். அவருடைய பையில் பாதி கயலின் துணிகள். அதை எடுத்துவிட்டுப் போகவும் அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா, எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அந்தக் கேள்விக்குக் கயல் சொன்ன பதில் மிக வேகமாக வந்தது. பேட்டிகளில் அப்படிப் பதில் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கராடியில் அவளுக்குக் கால் நீட்டித் தலையணை வைத்துக் கொடுத்த பிறகு கேட்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"போன்ல ஆப் இருக்கு சித்தி. எத்தனை வாரம், குழந்தை என்ன சைஸ்னு தினமும் அதுவே சொல்லும். இந்த வாரம் பூசணிக்காயாம்."

"பின்ன ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

தலையணையில் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பாகிட்ட வரமாட்டேன்னு என்னால சொல்ல முடியல. பெயின்ட் அடிச்சதை வீடியோ எடுத்து அனுப்புறார். அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? ஏர்போர்ட்ல சொல்லட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

"ஏன்டி போகப் பிடிக்கல? உன் வீடுதானே?"

"அங்க போனா அம்மா இல்லைன்னு ஒவ்வொரு ரூம்லயும் தெரியும் சித்தி. இங்க அம்மா எப்பவுமே இருந்ததில்ல. இங்க இருந்தா, அவங்க கோயமுத்தூர்ல இருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். டெலிவரி அப்போ அப்படி நெனச்சாத்தான் எனக்கு முடியும்."

நான் எழுந்து போய் அவளுக்கு மோர் கொண்டுவந்தேன்.

நீ "நம்ம வீடு" என்று சொன்னபோது எதை நினைத்துச் சொன்னாய்? அந்தச் சுவர்களையா, அல்லது நீ உயிரோடு இருந்து பார்த்துக்கொள்ளப் போவதாக நினைத்துக்கொண்டா? கடைசி நாட்களில்கூட நீ பிழைத்துவிடுவாய் என்றுதான் பேசினாய். வாக்கு வாங்கியதும் அந்த நம்பிக்கையில்தானோ?

இப்போது சிக்கல் வேறு. மாமா தினமும் போன் செய்கிறார். சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும், "என் கணக்குத் தப்பாப் போச்சுங்க, அவளுக்குக் குடுத்த வாக்கை நானே கெடுத்துட்டேன்" என்று சொல்கிறாராம். உன் நாத்தனார், "பேங்க்ல இத்தனை வருசம் என்னத்தைக் கூட்டுனாரு?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டார் எனக்குச் சொன்னார்கள்.

அவர் கணக்கு தப்பு என்பது உண்மை. அதனால்தான் இப்படி ஆனது என்பது உண்மையில்லை. டிக்கெட் எடுத்தபோதே கயல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேதியை முன்னால் மாற்றியிருக்கலாம். இதைக் கயலிடம் சொன்னேன், திட்டவில்லை, சொன்னேன். அழுதாள். "நானே சொல்றேன் சித்தி, நீங்க சொல்லிடாதீங்க. போன்ல வேண்டாம், நேர்ல" என்றாள். ஒத்துக்கொண்டேன்.

மாமா ஞாயிற்றுக்கிழமை மாலை விமானத்தில் வருகிறார். டிக்கெட்டை எனக்கு அனுப்பியிருக்கிறார், அதனால் இது உறுதி. இந்த முறை பிரசவம் முடியும்வரை இருக்கப் போகிறார். மாப்பிள்ளை அதற்கடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விடுப்பு இன்னும் கைக்கு வரவில்லை. மருத்துவர் குறித்த நாள் இந்த மாதக் கடைசியில் வருகிறது. முன்னே பின்னே ஆகலாம் என்கிறார்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் சொல்வதாகக் கயல் முடிவு செய்திருக்கிறாள். அவர் கோபப்படுவாரா, ஆறுதல் அடைவாரா, எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதமாட்டேன். அந்த நேரத்தில் நான் அங்கே இருப்பேன், பேசமாட்டேன். பிரசவ அறையில் கயல் மனதுக்குள் உன்னைக் கோயமுத்தூரிலேயே வைத்துக்கொள்ளட்டும், அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன். இரண்டும் நடந்து முடிந்ததும், என் கண்ணால் பார்த்ததை மட்டும், முதலில் உனக்கு எழுதுவேன்.

உன் பெண்ணுக்கு இங்கே சித்தியாக இருக்கும்
உன் தங்கை,
வானவடி, புனே