சனிக்கிழமை போட்ட பாடங்கள்

இன்று போகி. பக்கத்து வீட்டில் பார்ச்சு வைக்கிறார்கள். புளியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் சேர்ந்து கொதிக்கும் பிண்டாங் மீன்குழம்பின் வாசம் காலையிலிருந்தே சுவர் தாண்டி வந்து என் அடுப்படியில் நிற்கிறது. இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் பரிமாறி, சாம்பிராணி காட்டி, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பது உங்கள் செட்டிக் கம்பத்துக் குடியிருப்பின் வழக்கம். உனக்கு இலை போட இந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. உன் வீடு இருந்த இடத்தில் இப்போது யார் யாரோ கார் நிறுத்துகிறார்கள்.

எங்கள் மார்க்கத்தில் படையல் கிடையாது. கையேந்தி துஆ கேட்கத்தான் தெரியும், கேட்டுவிட்டேன். அப்படியும் மனம் அடங்கவில்லை, அதனால்தான் இந்த மடல். எனக்குத் தமிழில் மட்டும்தான் எழுத வரும். நீ உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய். என்னிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதில் 'அம்மா' என்ற சொல்லைத் தாண்டி நீ போகவில்லை.

மச்சானைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு நாகூர்ப் பக்கத்திலிருந்து மலாக்காவில் இந்தக் காஜா பெராங்குக்கு வந்து இறங்கியபோது எனக்கு மலாயில் நாலு சொல் தெரியாது. நீங்களோ பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிகள், உன் வீட்டு மொழி மலாய். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலி, வாயைத் திறந்தால் மலாய். நான் திகைத்துப் போனதைப் பார்த்து நீ சிரித்தாய். பிறகு என்னிடம் பேசுவதற்கென்றே ஒரு பாஷை உண்டாக்கினாய். மலாய்க்குள் தமிழைப் பிய்த்துப் போட்டு, வினைச்சொற்களையெல்லாம் பாதியில் விட்டுவிடும் பாஷை. அந்தப் பாஷையை உலகத்தில் இரண்டே பேர்தான் பேசினோம்.

துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உன் கணவர் காசநோயில் போனார். வெள்ளைக்காரன் போகப்போகிறான், சுதந்திரம் வரப்போகிறது என்று பாசாரில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. லீலாவுக்கு அப்போது ஒன்பது வயது, பாக்கியத்துக்கு ஏழு. பிள்ளைகளின் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். மற்ற தாய்மார்கள் கேட்டுக்கொண்டார்களாம். பாக்கியம் தண்ணீர் குடித்த குவளையை ஆயா குச்சியால் தள்ளி ஓரமாக வைத்தாள் என்று லீலா வந்து சொன்ன அன்று, நீ என் வாசலில் வந்து நின்றாய். அழுகை இல்லை. முகம் சிவந்திருந்தது.

"அக்கா, செக்கோலா சூடா. போதும். சாயாதான் சொல்லிக் குடுக்கும்." செக்கோலா என்றால் பள்ளிக்கூடம், சாயா என்றால் நான் என்று புரியும் அளவுக்கு அப்போது எனக்கு உன் பாஷை வந்திருந்தது.

"வீட்லயேவா? எப்படிம்மா?"

"இங்கிலீஷ் சாயா. மலாய் சாயா. கணக்கு, தமிழ் ரெண்டும் நீங்க."

"தமிழ் எதுக்கு? உங்க வீட்ல யாரும் பேசுறதில்லையே."

கோயிலில் பூசாரி தமிழில் என்னென்னவோ சொல்கிறார், நாங்கள் அர்த்தம் தெரியாமல் கும்பிடுகிறோம், என் பிள்ளைகளாவது என்ன வேண்டுகிறோம் என்று தெரிந்து வேண்டட்டும் என்று மலாயில் சொன்னாய். மாரியம்மனிடம் பேசுவதற்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் வேலை, ஐந்து வேளை தொழும் எனக்கு வந்தது இப்படித்தான். மச்சானிடம் கேட்டேன். துணிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "எழுத்துதானே சொல்லிக் குடுக்கப் போறே, குடு" என்றார். எனக்குப் பிள்ளை இல்லாத குறை அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் சட்டி கழுவி முடித்ததும் அடுத்த வாரத்துக்குப் பாடம் போடுவோம். உன் அடுப்படிக் கதவு ஆறு பலகை வைத்து அடித்தது. திங்களிலிருந்து சனிவரை பலகைக்கு ஒரு நாள். நீ சாக்குக்கட்டியால் இங்கிலீஷில் எழுதுவாய்; என் பாடங்களை நான் அதற்குக் கீழே தமிழில் எழுதுவேன். எத்தனை வாதம் நடக்கும்! பிள்ளைகளுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பாய் நீ. பெருக்கல் முடியாமல் மழை எதற்கு என்பேன் நான். சமையலையும் ஒரு பாடமாகப் போட வேண்டும் என்று ஒரு முறை நான் சொன்னதற்கு, "அது போடாட்டியும் வரும், அக்கா" என்றாய்.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடக்கும். செவ்வாய்க்கிழமை பாக்கியம் கெடுத்துவிடுவாள். அவளுக்கு முதலையைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. ஆற்றில் எத்தனை முதலை, அவை எங்கே தூங்கும், மனுஷனை முழுசாக விழுங்குமா என்றே நாள் போய்விடும். "முதலைக்கு எத்தனை எழுத்து, எண்ணு" என்று நான் அங்கிருந்தே தமிழை இழுத்து வருவேன். தமிழ்ப் பாடம் நடக்கும் நாளில் நீயும் பிள்ளைகளுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வாய். 'ழ' வராது உனக்கு. "வாளப்பளம்" என்பாய். பிள்ளைகள் இருவரும் உன்னைத் திருத்துவதில் அவர்களுக்கே சரியாக வந்துவிட்டது.

ஒரு நாள் நீ, வரப்போகும் சுதந்திரம், மெர்டேகா என்றால் என்ன என்று பாடம் நடத்தினாய். கொடி மாறும், பாட்டு மாறும், நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். லீலா கேட்டாள்: "மெர்டேகா வந்தா செக்கோலாவுக்குப் போலாமா, அம்மா?" உன் கையில் சாக்குக்கட்டி அப்படியே நின்றது. நீ என்னைப் பார்த்தாய். நான் பிள்ளையைப் பார்த்தேன். "கணக்கை எடு" என்றேன் நான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் உனக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றாய். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாய். அதற்கும் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைகள் பகலில் என்னிடமும், இரவில் உன் சின்னம்மாவிடமும் இருந்தார்கள். அந்த அம்மாள் காது கேளாத கிழவி. சனிக்கிழமை தோறும் மச்சான் என்னை ரிக்‌ஷாவில் கூட்டி வருவார். வராந்தாவில் கட்டிலிலிருந்து தள்ளி ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். நான் உட்கார்ந்ததும் நீ உடம்பைப் பற்றிப் பேச மாட்டாய். "இந்த வாரம் திங்கள்..." என்று ஆரம்பித்துவிடுவாய்.

இங்கிலீஷ் வாக்கியங்களை எனக்கு வாய்ப்பாடமாகச் சொல்லித் தந்தாய். நீ தொட்ட காகிதம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், நோய் ஒட்டும் என்று உனக்குப் பயம். நான் ரிக்‌ஷாவில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். மச்சான் ஏதாவது கேட்டால் கையைக் காட்டி நிறுத்துவேன். அப்படியும் வீடு வந்து சேருவதற்குள் பாதி கொட்டிப் போயிருக்கும். பூனை மேஜைக்கு அடியில் இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நிற்பேன். லீலாவுக்குத் தெரியும். அவள் என்னை ஒரு நாளும் திருத்தியதில்லை. நான் தப்பாகச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு தங்கைக்கு மெதுவாகச் சரியானதைச் சொல்லிக் கொடுப்பாள். அதைக் காதில் விழாதவள்போல நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். உன் பிள்ளைகளுக்கு நீ சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் என் கையில் தேய்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் அவர்களையும் கூட்டி வந்து கீழே புல்தரையில் நிறுத்தினேன். மாடி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ வந்து நின்றாய். சட்டை தோளில் தொங்கியது. கத்திப் பேச உனக்கு மூச்சு இல்லை. ஒரு கையில் நாலு விரல் காட்டினாய், பிறகு ஐந்து விரல். நான் என்னவென்று விழித்தேன். பாக்கியம் புரிந்துகொண்டு, "இருபது!" என்று கத்தினாள். நீ தலையாட்டிவிட்டு மூன்று விரலும் ஐந்து விரலும் காட்டினாய். "பதினஞ்சு!" என்றாள் லீலா. நர்ஸ் வந்து உன் தோளைத் தொடும்வரை அப்படியே நடந்தது. கணக்கு என் பாடம், உன் பாடமில்லை. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து விரலால் நடத்தக்கூடியது அது ஒன்றுதான்.

திரும்பும்போது பாக்கியம் கேட்டாள்: "பெரியம்மா, அம்மா ஏன் பத்தாம் வாய்ப்பாட்டுக்கு மேல கேக்கல?"

"கை ரெண்டுதானேம்மா" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் நீ படுத்தே கிடந்தாய். நான் உட்கார்ந்து, "திங்கள்?" என்றேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். உதடு காய்ந்திருந்தது.

"பெனாட் லா அக்கா. களைப்பு. இந்த வாரம் நீங்களே போடுங்க."

வீட்டுக்கு வந்து உன் அடுப்படிக் கதவின் முன்னால் சாக்குக்கட்டியோடு நின்றேன். முந்தின வாரத்தை ஈரத்துணியால் துடைத்தேன். திங்கள், செவ்வாய், புதன் என்று ஆறு பலகையிலும் நாளின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே எழுத ஒன்றுமே வரவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கையும் தமிழையும்கூட எழுத முடியவில்லை. நீ எதிரே இருந்து 'வேண்டாம்' என்று சொன்னால்தானே நான் 'வேண்டும்' என்பேன்! பிள்ளைகள் இருவரும் எனக்குப் பின்னால் வந்து நின்று, வெறும் நாட்களை வாசித்துப் பார்த்தார்கள்.

புதன்கிழமை நீ போய்விட்டாய்.

சிங்கப்பூரிலிருந்து உன் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல எனக்கு வாய் வராது. காரியமெல்லாம் முடிந்ததும் பிள்ளைகளின் துணிமணியைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார். நான் மச்சானிடம் போய் நின்றேன்.

"ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். இங்கயே இருக்கட்டும்னு."

மச்சான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அதுங்க அவங்க ரத்தம். அதுங்களுக்கு வேற சாமி. நம்ம வீட்டுல வச்சு வளத்தா அவங்க ஆளுங்களும் கேப்பாங்க, நம்ம ஜமாத்தும் கேக்கும். நாம யாரு புள்ள, கேக்க?"

ஆனாலும் போய்க் கேட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும். உன் அண்ணன் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அடேக் சாயா புஞ்ஞா அனாக், பாய்" என்றார். என் தங்கை பிள்ளைகள். அதற்கு மேல் என்ன சொல்ல? அவர் அழுதார். மச்சானும் அழுதார். நான் உள்ளே பாக்கியத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "சிங்கப்பூர் ஆத்துல முதலை இருக்கா, பெரியம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் போன சில மாதத்தில் மெர்டேகா வந்தது. ஊரெல்லாம் கொடி. மச்சான் கடை வாசலிலும் ஒன்று கட்டினார். நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

லீலா போன வருஷம் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மலாக்காவுக்குப் பல தடவை வந்தாளாம், இந்தத் தெருவுக்குள் நுழையத்தான் கால் வரவில்லையாம். மாமா இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்; வயதுக்கு இரண்டு வகுப்பு கீழே போட்டார்கள். லீலா பல்லைக் கடித்துக்கொண்டு படித்து ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாளாம். பாக்கியம் குட்டிப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுப் பாதியில் நின்றுவிட்டாள். வீட்டில் யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். தமிழ் இருவருக்கும் போய்விட்டது. கோயிலில் இன்றும் அர்த்தம் தெரியாமல்தான் கும்பிடுகிறார்கள்.

"பாக்கியத்தைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே, கண்ணு" என்றேன். மலாயில்தான் சொன்னேன். இப்போது எனக்கு மலாய் நன்றாக வரும்.

"வரமாட்டேங்குறா" என்றாள் அவளும் மலாயில்.

கிளம்பும் நேரத்தில் செருப்பைப் போட்டவள் மறுபடி கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அம்மா முகம் போட்டோவுல இருக்கு. குரல் மறந்துபோச்சு. பாக்கியத்துக்கும் ஞாபகம் இல்ல. அம்மா எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டுங்களேன்."

நான் வாயைத் திறந்தேன். 'அக்கா, இந்த வாரம் திங்கள்' என்று சொல்லிப் பார்த்தேன். என் கிழட்டுக் குரல்தான் வந்தது. கொஞ்சம் மெல்லிசாக்கிச் சொன்னேன். அது வேறு யாரோ போல இருந்தது. லீலா ஆசையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை 'அக்கா' என்பதோடு நிறுத்திவிட்டேன். "போதும், பெரியம்மா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் காதுக்குள் கேட்கிறது. நீ கடைசி எழுத்தை இழுப்பது, சிரிப்பதற்கு முன் சின்னதாக மூச்சு வாங்குவது, ஒன்றும் குறையவில்லை. உன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர வேண்டிய அந்தக் குரலை நான் ஒருத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.